எல்லாருக்கும் முழு மெஷின்

எங்களுக்குப் பாடம் சொல்லித்தந்த சார்வாள் இறந்துபோனார் என்று, கூடப் படித்த கிரேஸ் போன் செய்தாள். துஷ்டிக்குப் போனோம். வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், முன்பின் தெரியாதவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "வேற யார்ட்டயும் இல்லாத ஒரு பிரியம் அவ்வொளுக்கு என்மேல உண்டும்மா." தலையாட்டினேன். உள்ளே போனால், சுவரோரம் நின்ற ஒரு பெண்மணி அதையே சொன்னார். திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் கிரேஸ் என் தோளில் சாய்ந்து, "ஒன்ட்ட சொல்லுததுக்கு என்னளா, நம்ம பேட்ச்லயே சார்வாளுக்கு என்மேலதான் ஒரு தனி இது" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு, பஸ்ஸிலிருந்து குதித்திருப்பேன். ஏனென்றால் ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

செத்தவரைப் பற்றிக் கோபமாக எழுதாதே, அவர் நல்லவர் என்கிறார் என் கணவர். நல்லவர்தான். யார் இல்லை என்றது? கெட்டவராக இருந்திருந்தால் அன்றைக்கே நாலு வார்த்தை திட்டித் தலைமுழுகியிருப்பேன். நல்லவர் என்பதால்தான் இத்தனை வருஷமாக இந்தக் கோபத்தைச் சுமந்துகொண்டு திரிகிறேன். அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக்கே பாளையங்கோட்டையில் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள், ஒவ்வொருவரும் அவருக்குத் தான்தான் நெருக்கம் என்று சொல்லிக்கொண்டு.

அவர் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. 'முடியாது', 'அப்புறம் பார்க்கலாம்', 'உனக்கு முன்னால் இன்னொருத்தர் கேட்டிருக்கிறார்', எதுவும் வராது. கேட்டவுடன் முகம் மலர்ந்துவிடும். "எடுத்துக்கோ பிள்ள. ஒனக்கில்லாததா?" அவ்வளவுதான். கேட்ட காரியம் கையில் வந்துவிட்டதுபோல் நாம் இறங்கி நடப்போம். படியில் நமக்கு எதிரே ஏறி வருகிறவர் அதே காரியத்தைக் கேட்கத்தான் வருகிறார் என்பது நமக்குத் தெரியாது.

அவருடைய ஸ்கூட்டர் சாவி வாசலை ஒட்டி ஓர் ஆணியில் தொங்கும். ஒருநாள் காலையில் மூன்று பேர் அந்த ஸ்கூட்டரைச் சுற்றி நின்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு ஜங்ஷனுக்குப் போய் மதினியை அழைத்து வர வேண்டும். ஒருவருக்குக் கோர்ட்டில் வாய்தா. மூன்றாமவர் என்னத்துக்கு வந்தார் என்று நினைவில்லை. மூவரிடமும் முந்தின நாள் "எடுத்துக்கோ" என்றிருக்கிறார். சத்தம் கேட்டு வெளியே வந்தவருக்கு ஒரு சங்கடமும் இல்லை. "ஏன்லே சண்ட? வண்டி எல்லாருக்கும்தான். பைய பேசி முடிச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, தன் வேலைக்குத் தான் பஸ் ஏறிப் போய்விட்டார். கோர்ட்டுக்காரர் நடந்தே ஓடினார். அவரும் அன்று சாயங்காலம் வந்து, "சார்வாள் தங்கமான மனுஷன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

கல்யாணங்களும் அப்படித்தான். ஒரே முகூர்த்தத்தில் ஆழ்வார்திருநகரியில் ஒன்று, சாத்தான்குளத்தில் ஒன்று, திருநெல்வேலி டவுனில் ஒன்று என்று அழைப்பு வந்தால் மூன்றுக்கும் "மொத ஆளா நிப்பேன்" என்பார். மூன்றுக்கும் போவார். மூன்றிலும் தாலி கட்டி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் போய்ச் சேருவார். மூன்று வீட்டிலும் "எவ்வளவு வேல இருந்தும் நமக்காக வந்தாக பாரு" என்று பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். இந்த வித்தை எல்லோருக்கும் கைவராது.

அவர் வைத்திருந்தது கணிப்பொறி சொல்லிக்கொடுக்கும் ஒரு நிலையம். தொண்ணூறுகளின் கடைசி. இரண்டாயிரம் பிறந்தால் உலகத்தில் உள்ள பழைய கணிப்பொறிகளுக்கெல்லாம் தேதி குழம்பிவிடும், வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிப் பழகியதால் இரண்டாயிரத்தை ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று நினைத்துக்கொள்ளும் என்று பத்திரிகைகள் அலறிக்கொண்டிருந்த சமயம். அதைச் சரிசெய்ய ஆள் போதாமல், பழைய பெரிய மெஷின்களில் வேலை தெரிந்தவர்களைக் கம்பெனிகள் தேடி அலைந்தன. நம் ஊரில் மற்ற நிலையங்கள் மேஜைக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு தட்டச்சுப் பழக்கிக்கொண்டிருக்க, சார்வாள் தான் முன்பு வேலை பார்த்த ஒரு தொழிற்சாலை கழித்துப்போட்ட மெயின்ஃபிரேமை வாங்கி லாரியில் கொண்டுவந்து இறக்கினார். பீரோக்கள் வரிசையாக நிற்பதுபோல் இருக்கும். வாசல் வழியாக நுழையாமல் சுவரை இடித்துத்தான் உள்ளே ஏற்றினார்களாம். அதைப் பார்க்கவே பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஜன்னலில் வந்து நிற்கும்.

அந்த ஒற்றை மெஷினை அவர் உள்ளுக்குள்ளேயே பல மெஷின்களாகப் பிரித்திருந்தார். அதற்கென்று ஒரு மென்பொருள் உண்டு. இன்றைக்கு மெய்நிகர்க் கணினி என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அன்று சார்வாள் அதை 'வீடு' என்பார். "ஒரு வளவுக்குள்ள வரிசையா வீடு கட்டுன மாதிரி பிள்ள. ஒரு வீட்டுல என்ன சமையல்னு அடுத்த வீட்டுக்குத் தெரியாது. கெணறு மட்டும் பொது." திரைக்கு முன்னால் உட்காருகிறவருக்கு ஒரு முழு மெயின்ஃபிரேம் தனக்கே இருப்பதாகத் தோன்றும். தனி நினைவகம், தனி வட்டு, தனிக் கடிகாரம்கூட. ஒரு வீட்டில் கணக்கு கெட்டு நின்றுபோனால் மற்ற வீடுகளுக்குத் துளி சேதமில்லை.

அதை அவர் பிரிக்கும் அழகைச் சொல்லாவிட்டால் நான் நியாயமில்லாதவள் ஆகிவிடுவேன். மெஷின் நின்ற கண்ணாடி அறைக்குள், மொத்தத்தையும் இயக்கும் கன்சோலுக்கு முன்னால் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு என்று அவர் விசைகளைத் தட்டும்போது பாட்டுக் கேட்கிறவர் மாதிரி தலை ஆடும். ஒருநாள் ஒரு வீட்டின் கடிகாரத்தை மட்டும் முன்னே தள்ளி இரண்டாயிரத்துக்குக் கொண்டுபோனார். எங்கள் திரையில் தொண்ணூற்றெட்டு. பக்கத்துத் திரையில் இரண்டாயிரம், ஜனவரி ஒன்று. "வாங்க வாங்க, அங்கன வருஷம் பொறந்தாச்சு" என்று எல்லோரையும் கூப்பிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த முந்திரிக்கொத்துப் பலகாரத்தைக் கொடுத்தார். கையில் முந்திரிக்கொத்தோடு, வராத ஒரு வருஷத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். என் வாழ்க்கையில் நான் உண்மையாகச் சந்தோஷமாக இருந்த நாட்களில் அதுவும் ஒன்று.

நான் பி.எஸ்ஸி. கணிதம். ஆறேழு வருஷமாகப் பள்ளிக்கூடங்களில் பதிலி டீச்சர். ஏதாவது ஒரு டீச்சர் பிரசவத்துக்குப் போனால் என்னைக் கூப்பிடுவார்கள். அவர் திரும்பி வந்தால் என்னைப் போகச் சொல்வார்கள். பிள்ளைகளின் பெயர் மனதில் பதிந்து, எவன் எந்தக் கணக்கில் தடுமாறுவான் என்று பிடிபடும்போது கிளம்ப வேண்டும். நாற்காலியில் ஏற்கெனவே யாருடைய மணிப்பர்ஸோ இருக்கும். எனக்கென்று ஒரு வேலை, போ என்று யாரும் சொல்லாத ஒரு வேலை வேண்டும் என்று வெறியாக இருந்தது. அதற்காகத்தான் சார்வாளிடம் சேர்ந்தேன். சேர்ந்த அன்று அவர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது: "இந்த மெஷின் முழுசும் ஒங்க பேட்ச்சுக்குத்தான். வேற யாரும் தொடமாட்டாக."

மறந்துவிட்டுப் போன குடையை எடுக்க ஒருநாள் சாயங்காலம் திரும்பிப் போனேன். என் இடத்தில் வேறொருத்தி. கூடம் நிறைய வேறு முகங்கள். விசாரித்தால், எங்களைப்போலவே இன்னும் இரண்டு பேட்ச். மூன்றுக்கும் அதே வாக்குறுதி. நேராகக் கண்ணாடி அறைக்குப் போனேன்.

"என்ன சார்வாள் இது? முழுசும் எங்களுக்குன்னிய?"

அவர் சிரித்தார். "பொய்யா சொன்னேன்? நீ உக்காந்துருக்கும்போது அது முழுசும் ஒனக்குத்தான பிள்ள. ஒனக்கு எதுவும் கொறஞ்சிருக்கா?"

குறைந்திருக்கவில்லைதான். அன்று அவர் எனக்கு ஒரு ரகசியம்போல இன்னொன்றையும் காட்டினார். வீடுகளுக்கெல்லாம் அவர் எழுதிக் கொடுத்திருந்த நினைவகத்தைக் கூட்டினால், மெஷினில் உள்ளதைவிட மிக அதிகம். இல்லாததைத்தான் பங்கு போட்டிருந்தார். அதுவும் அந்த மென்பொருளில் ஒத்துக்கொண்ட வழக்கமே. ஒருவர் யோசித்துக்கொண்டு சும்மா இருக்கும்போது அவருடைய பங்கை மெஷின் அடுத்தவருக்குக் கொடுக்கும். இடம் போதாவிட்டால் ஒருவர் வேலையை வட்டில் இறக்கிவைத்துவிட்டு அடுத்தவர் வேலையை ஏற்றும்.

"எல்லாரும் ஒரே நேரத்துல கேட்டா?" என்றேன்.

"கேக்க மாட்டாக."

"கேட்டா?"

"நீ என்னளா, விடாம! ஏத்துறதும் எறக்குறதுமாவே கெடக்கும், வேல ஓடாது. ஆனா எல்லாரும் ஒரே நேரத்துல கேக்க மாட்டாக பிள்ள. மனுஷ சுபாவம் அப்படி இல்ல."

இத்தனை கேட்டேனே என்று என்னைக் கன்சோலிலும் அவ்வப்போது உட்காரவிட்டார். எந்த வீட்டைத் தற்காலிகமாக நிறுத்துவது, எதை விட்ட இடத்திலிருந்து ஓடவிடுவது எல்லாம் கற்றுக்கொண்டேன். என்மேல்தான் சார்வாளுக்குத் தனிப் பிரியம் என்று நான் மனசுக்குள் கொடி ஏற்றியது அப்போதுதான்.

பிறகு அந்தச் செய்தி வந்தது. வருகிற சனிக்கிழமை சென்னையிலிருந்து ஒரு கம்பெனி ஆள் எடுக்க வருகிறது. எழுத்துத் தேர்வு இல்லை. மெஷினிலேயே உட்கார்ந்து, தேதிப் பிழை உள்ள ஒரு நிரலைத் திருத்தி, ஓடவிட்டு, விடையை அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். தாள் வந்தால் தேர்ச்சி. இருபத்தெட்டு வயதுக்கு மேல் சேர்க்கமாட்டார்கள். எனக்கு அடுத்த மாதத்தோடு இருபத்தெட்டு முடிகிறது. எங்கள் வீட்டில் அந்தச் சனிக்கிழமையைத் தவிர வேறு பேச்சே இல்லை. என் கணவர் லீவு போட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டார்.

தேர்வுக்கு யாரையெல்லாம் உட்காரவைக்கலாம் என்று கம்பெனி சார்வாளிடம் கேட்டிருக்கிறது. இவர் யாரை விடுவார்? மூன்று பேட்ச்சையும் சேர்த்துவிட்டார். மூன்று பேட்ச்சும் ஒரே காலை, ஒரே நேரம். கூடத்தில் இருந்த டெர்மினல்கள், அதாவது திரையும் விசைப்பலகையும், போதாதென்று எங்கிருந்தோ இரவல் வாங்கிப் பெஞ்சுகளில் வைத்திருந்தார்.

ஊழியர்கள் ஓய்வுபெறும் ஆண்டைக் கணக்கிடும் நிரல் அது. பிழை எங்கே என்று பார்த்தவுடன் தெரிந்தது. திருத்தினேன். ஓடவிட்டேன். திரை அப்படியே நின்றது. பக்கத்தில் கிரேஸுக்கும் நின்றது. வரிசையாகத் திரும்பிப் பார்த்தேன், எல்லோரும் விசையைத் தட்டிவிட்டுத் திரையையே வெறித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி அறைக்குள் வட்டுப் பெட்டிகளின் விளக்குகள் மட்டும் நிற்காமல் மின்னிக்கொண்டிருந்தன. ஏற்றுவதும் இறக்குவதும் நடக்கிறது, வேலை நடக்கவில்லை.

எனக்கு இன்னொன்றும் தெரியும். எங்கள் வீடுகளையெல்லாம்விடப் பெரிய வீடு ஒன்று அதற்குள் இருந்தது. ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளருடைய பழைய கோப்புகளைச் சரிபார்க்கும் வேலை. அதற்குத்தான் முதல் உரிமை, நினைவகத்தில் பெரும்பங்கு. அதை மட்டும் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தால் எங்கள் அத்தனை பேருக்கும் மூச்சு வந்துவிடும். தேர்வை நடத்த வந்தவரிடம் கேட்டுக்கொண்டு எழுந்துபோனேன்.

"சார்வாள், அந்தப் பெரிய வீட்ட மட்டும் செத்த நிப்பாட்டி வைங்க. இங்க ஒருத்தருக்கும் நகரல."

"ஓடும் பிள்ள. பைய ஓடும்."

"ஓடாது சார்வாள். எல்லாரும் ஒரே நேரத்துல கேட்டுட்டோம். நீங்கதான சொன்னிய?"

"அவுகளுக்கும் வாக்குக் குடுத்துருக்கேன்லா. ஒங்க வேல ஓடிக்கிட்டே இருக்குன்னு இப்பந்தான் போன்ல சொன்னேன். எப்படி நிப்பாட்டுவேன்?" அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. என் தலையில் கை வைத்து, "ஒனக்கு வந்துரும் தாயி. மொதத் தாளே ஒன்னோடதுதான். போய் உக்காரு" என்றார்.

போய் உட்கார்ந்தேன். இன்றுவரை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. மாட்டேன் என்றாவது அந்த மனிதர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அங்கேயே நின்று கத்தியிருப்பேன், காலில் விழுந்திருப்பேன், விசையை நானே அழுத்தியிருப்பேன். வந்துரும் என்றால் என்ன செய்வது? காத்திருக்கத்தான் முடியும்.

நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. சென்னைக்காரர் கூடத்தை ஒருமுறை சுற்றி வந்தார். ஒரு தாளும் வரவில்லை. அவர் முட்டாள் இல்லை. சார்வாளைக் கூப்பிட்டு எங்கள் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்.

"சார், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இது மெஷின் பிரச்சினையா, இல்ல இவங்க எழுதினதுல பிரச்சினையா? மெஷின்னா பரவாயில்ல, நாங்க இன்னொரு நாள் வரோம்."

இன்னொரு நாள் என்று கதவைத் திறந்து வைத்துவிட்டு நின்றார் சென்னைக்காரர். ஒரே ஒரு வாக்கியம் போதும். மெஷின் ஒன்றுதான் ஐயா, இத்தனை பேரைத் தாங்காது, பிள்ளைகள்மேல் தப்பில்லை. நாங்கள் அத்தனை பேரும் சார்வாள் வாயையே பார்த்தோம்.

"மெஷின்ல ஒரு கொறையும் கெடையாது சார்" என்றார் சார்வாள். "எத்தன பேரு வந்தாலும் தாங்கும். பிள்ளைய புதுசு, அதான் கொஞ்சம் பதறுது."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "சார், மெஷின்தான். அது ஒரே மெஷின். இவ்வொ மறைக்குதாக" என்றேன். என் குரல் எனக்கே கேட்க விகாரமாக இருந்தது. சென்னைக்காரர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். சார்வாள் என்னை நோக்கிப் பரிவோடு சிரித்தார். பாசமுள்ள ஒரு பெரியவரும் கத்துகிற ஒரு பெண்ணும் எதிரெதிரே நின்றால் யாரை நம்புவார்கள் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. நேரம் முடிந்தது என்று அறிவித்துவிட்டுக் கம்பெனிக்காரர்கள் பெட்டியை மூடினார்கள். அந்தக் கம்பெனி பிறகு வரவில்லை. வந்திருந்தாலும் எனக்கு வயது தாண்டியிருக்கும். ஜூன் மாதம் மறுபடியும் யாரோ ஒரு டீச்சர் பிரசவத்துக்குப் போனார், நான் போய்ச் சேர்ந்தேன்.

வந்தவர்களை வழியனுப்பச் சார்வாள் தெருவரைக்கும் கூடப் போனார். கண்ணாடி அறை காலியாக இருந்தது. நான் நேராக உள்ளே போய்க் கன்சோலில் உட்கார்ந்து அந்தப் பெரிய வீட்டை நிறுத்தினேன். மின்னிக்கொண்டிருந்த விளக்குகள் நிதானத்துக்கு வந்தன. கூடத்தில் யாரோ "ஏ, நகருது" என்று கத்தினார்கள். பிரிண்டர் தடதடவென்று அடிக்கத் தொடங்கியது. ஒரு தாள், அடுத்த தாள், அடுத்தது. ஓய்வுபெறும் ஆண்டுகள் இரண்டாயிரத்து இரண்டு, இரண்டாயிரத்து ஏழு, இரண்டாயிரத்துப் பதினொன்று என்று நாலு இலக்கத்தில் சுத்தமாக வந்து விழுந்தன. கிரேஸ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவர்கள் வண்டியை அனுப்பிவிட்டு, சத்தம் கேட்டுச் சார்வாள் ஓடிவந்தார். அவர் முகத்தில் அப்படியொரு ஆனந்தம். தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்து, மேலே இருந்த பெயரைப் படித்து, அவரவர் கையில் கொடுத்தார். என்னுடையதைக் கொடுக்கும்போது, "பாத்தியா? நான் சொன்னேம்லா, வந்துரும்னு" என்றார்.

"அந்தப் பெரிய வீட்ட நான்தான் நிப்பாட்டுனேன்" என்றேன். திட்டட்டும், அடிக்கட்டும், எதற்கும் தயாராக நின்றேன்.

அவர் கன்சோலை எட்டிப் பார்த்தார். துளிக்கூடக் கோபமில்லை.

"அதுக்கென்ன பிள்ள, சாயங்காலம் விட்ட எடத்துலருந்து ஓட்டிக்கலாம்" என்றார். "அவுக திங்கக்கெழமதான கேட்டுருக்காக."